தன் பெயரைத் தானே சொன்னவள்

லவினா புஷீ பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பார்லோ மில்ஸ் என்ற ஊரில் இன்றைக்கு ஓட்டுரிமை உள்ளவர்களில் பாதிப் பேர், ஒரு காலத்தில் அவள் பஸ்ஸின் பின்சீட்டில் உட்கார்ந்து ஒருவர் தொப்பியை ஒருவர் பிடுங்கிக்கொண்டு வந்தவர்கள்தான். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை, அவ்வளவுதான். தொப்பி உரியவன் தலைக்குத் தானாகத் திரும்பிவிடும்.

ஒருமுறை அவளுடைய சொந்த மகனே பக்கத்துச் சீட்டுப் பையனின் மூக்கில் குத்திவிட்டான். லவினா பஸ்ஸை ஓரமாக நிறுத்தினாள். இரண்டு பேரையும் முன்னால் கூப்பிட்டு, யார் என்ன செய்தது என்று எல்லோர் எதிரிலும் கேட்டாள். கேட்டு முடித்ததும் மகனை இறக்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். பனி பெய்துகொண்டிருந்தது. பையன் நடந்தே வீடு வந்து சேர்ந்ததும் அவள் புருஷன் எல்வுட் குதி குதியென்று குதித்தான்.

"வேற வீட்டுப் பிள்ளையா இருந்தா இறக்கி விட்டிருப்பேனா மாட்டேனா? அதை மட்டும் சொல்லு," என்றாள் லவினா.

எல்வுட் கோட்டை மாட்டிக்கொண்டு விறகு பிளக்கப் போய்விட்டான். அந்த வீட்டில் சண்டைகள் பெரும்பாலும் விறகில்தான் போய் முடியும்.

ஊர்க்கூட்டத்துக்கு அவள் தலைவியானது யாரும் திட்டம் போட்டுச் செய்த காரியம் அல்ல. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் மார்ச் பிறந்ததும் வரும் செவ்வாய்க்கிழமை ஊர் முழுக்க பள்ளிக்கூட உள்விளையாட்டு அரங்கில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும். ரோட்டுக்கு எவ்வளவு சரளை, தீயணைப்பு வண்டிக்கு எத்தனை டயர் என்பதையெல்லாம் அங்கேயே கையைத் தூக்கி முடிவு செய்துகொள்வார்கள். நிகழ்ச்சி நிரலில் முதல் பொருள் எப்போதும் ஒன்றுதான்: இன்றைக்குக் கூட்டத்தை நடத்தப் போவது யார்? பழைய தலைவர் காய்ச்சலில் படுத்துவிட்ட ஒரு வருடம் அந்தக் கேள்விக்குப் பதிலே வரவில்லை. ஆளாளுக்குத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து யாரோ, "பஸ் நிறைய பிள்ளைங்களை வாய மூட வைக்கிறவளுக்கு நாமெல்லாம் எம்மாத்திரம்?" என்றார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் எல்வுட் எழுந்து, "லவினா புஷீ," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். தலைவர் மேசையில் தட்டிக் கூட்டத்தை அடக்கும் சுத்தியல் அவள் கைக்கு வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அதே கதைதான். எல்வுட் எழுந்திருப்பான், பெண்டாட்டியின் பெயரைச் சொல்வான், உட்காருவான். அன்றைக்கு முழுக்க அவன் வாயிலிருந்து வருவது அந்த இரண்டு வார்த்தைதான். அந்தக் குளிர்காலம் முழுக்கவே அவ்வளவுதான் என்று சொல்கிறவர்களும் உண்டு.

கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் யாரிடமும் நேராகப் பேசக்கூடாது. எதிரே உட்கார்ந்திருப்பவன் ஜென்மப் பகையாளியாகவே இருந்தாலும், தலைவியைப் பார்த்து "தலைவர் அவர்களே" என்று தொடங்கி, சொல்ல வேண்டியதை அவளிடம்தான் சொல்ல வேண்டும். அடிதடியாகப் போக வேண்டிய எத்தனையோ விஷயம் இந்த ஒரு வழக்கத்தால் பேச்சோடு நின்றிருக்கிறது. ஓரின் ஸ்டைல்ஸ் என்று ஒரு கிழவர். அவர் வீட்டுப் பக்கம் ரோட்டுக்கு அடியில் போகிற தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டதில் அவருக்கும் பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோனது. கூட்டத்தில் எழுந்தார்.

"தலைவர் அவர்களே, எனக்கு வலது கைப் பக்கம் உட்கார்ந்திருக்கிற பெரிய மனுஷருக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க."

"மூளையைப் பத்தி இன்னிக்குப் பொருள் எதுவும் இல்லை ஓரின். குழாயைப் பத்திப் பேசுங்க," என்றாள் லவினா.

பேசினார். சாப்பாடு ஆறிப்போகும் வரைக்கும் பேசினார். அரங்கை ஒட்டிய சமையலறையின் ஜன்னலில் கரண்டியோடு நின்ற பெண்கள் பல்லைக் கடித்தார்கள். லவினா கடைசி வரைக்கும் அவரை நிறுத்தவில்லை. அவர் பேச்சில் விஷயம் இருந்ததா என்றால், இல்லை. ஆனால் அவர் முறை அது. முறை என்றால் முறைதான் என்பது லவினாவின் கட்சி. அவள் வேறு எந்தக் கட்சி என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எல்வுட் மேப்பிள் மரச் சாற்றைப் பாகாகக் காய்ச்சும் தன் கொட்டகையில் அமெரிக்க அதிபரின் பெயர் போட்ட பலகையைக் கதவகலத்துக்கு அடித்து வைத்திருந்தான். வீட்டு வாசலில் லவினா நட்டு வைத்திருந்தது சூரியகாந்தி மட்டும்தான். வாயைக் கிளறிப் பார்த்தவர்களுக்கெல்லாம் அவள் ரோட்டு நிலவரத்தைச் சொல்லி அனுப்பினாள்.

இந்தக் கதை நடந்த குளிர்காலத்தில்தான் அதிபர் விவகாரம் வெடித்தது. அதிபர் என்ன செய்தார், செய்யவில்லை என்பதை இங்கே இழுக்கப் போவதில்லை. இழுத்தால் இந்தக் கதையும் நடுவில் இரண்டாகக் கிழியும். அந்த வருடம் கிழிந்த சாப்பாட்டு மேசைகளே போதும். கடைத்தெருவில் காபி ஊற்றிக்கொள்ளும் இடத்தில் இம்பீச், அதாவது பதவிநீக்கம், வேண்டுமா வேண்டாமா என்று காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடுவார்கள்.

"இந்த ஆளை இம்பீச் பண்ணாம விட்டா நாளைக்கு எவனும் சட்டத்தை மதிக்க மாட்டான்."

"பண்ணுங்க, பண்ணுங்க. தேர்தல்ல தோத்தவங்களுக்குப் பொழுது போகணுமில்ல."

"உங்க ஆளுங்க போன தடவை என்ன பண்ணாங்களாம்? எங்க அதிபர் தும்மினாக்கூட இம்பீச்னு கத்தினது யாரு?"

"அது வேற விஷயம்."

"எப்படி வேற?"

"அவர் நெசமாவே தப்புப் பண்ணினாரு."

இரண்டு பக்கமும் இதே வரிகளைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆள் மாறும்போது வரியும் பக்கம் மாறிக்கொள்ளும். கேட்டுக் கேட்டு, கடைக்காரர் காபிப் பாத்திரத்தைக் கதவுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிடலாமா என்று யோசித்தார்.

தபாலாபீஸிலிருந்து ஓய்வு பெற்ற ஹெஸ்டர் குயிம்பிதான் அதை ஊர்க்கூட்டத்துக்குக் கொண்டுவந்தாள். நிகழ்ச்சி நிரலில் கடைசியாக 'இதர' என்று ஒரு பொருள் இருக்கும். அதில் யார் எதை வேண்டுமானாலும் எழுப்பலாம். அதிபர்மீது பதவிநீக்க விசாரணை தொடங்கச் சொல்லி நம் ஊர் சார்பில் நாட்டின் சட்டமன்றமான காங்கிரஸுக்கு ஒரு தீர்மானம் போட வேண்டும் என்று அதில் எழுப்பப் போவதாக, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்தத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது. "வாஷிங்டன்ல இதை வச்சு ஜன்னல் துடைப்பாங்க," என்றான் தீவனக் கடை டுவைட் ஸ்டோவெல். அதிபர் கட்சிக்கு ஊரில் அவன்தான் தலை. ஜன்னல் துடைக்கிற காகிதத்துக்காக அவன் ஏன் இரவு பகலாக அலைந்தான் என்று கேட்கக்கூடாது. அவமானம் என்பது வாஷிங்டனில் நடப்பதல்ல, அடுத்த வீட்டுக்காரன் எதிரில் நடப்பது.

டுவைட்டின் கணக்கு எளிது. 'இது ஊர் விவகாரம் இல்லை' என்று தலைவி சுத்தியலைத் தட்டிவிட்டால் பேச்சே எழாது. தட்ட மாட்டேன் என்றால் தலைவியை மாற்றிவிடலாம், முதல் பொருளே அதுதானே. எல்வுட் எழுந்து பெண்டாட்டியின் பெயருக்குப் பதிலாக டுவைட்டின் பெயரைச் சொன்னால் காரியம் முடிந்தது. குறைந்தபட்சம் எழுந்திருக்காமல் இருந்தாலே போதும். புருஷனே கைவிட்டவளை ஊர் ஏன் தூக்கிப் பிடிக்கப் போகிறது?

கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை லவினா சமையலறையில் பீன்ஸ் ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்வுட் பூட்ஸைக் கழற்றாமலேயே உள்ளே வந்து நின்றான்.

"டுவைட் வந்திருந்தான்."

"வண்டியைப் பாத்தேன்."

"ஹெஸ்டர் வாயத் திறக்கிறப்ப நீ சுத்தியலைத் தட்டிடு. இது நம்ம ஊர் ரோட்டைப் பத்தின விஷயம் இல்ல. நீ தட்டுவேன்னு சொல்லு, நான் வழக்கம்போல எழுந்து உன் பேரைச் சொல்றேன்."

லவினா பாத்திரத்தை மூடினாள். "குழாயைப் பத்தி ஓரினை மத்தியானம் வரைக்கும் பேச விட்டேன். அதிபரைப் பத்தி ஹெஸ்டர் பேசக்கூடாதா?"

"ஓரின் யாரையும் அசிங்கப்படுத்தல."

"பக்கத்துப் பண்ணைக்காரருக்கு மூளை இல்லேன்னாரு."

"லவினா, விளையாடாத. இத்தனை வருஷமா அந்தச் சுத்தியல் உன் கையில இருக்குன்னா நான் எழுந்து நின்னதால. செவ்வாய்க்கிழமை நான் எழுந்திரிக்கலேன்னா?"

"உக்காந்திரு. நாற்காலிக்கு என்ன பஞ்சமா?"

எல்வுட் வந்த பூட்ஸோடேயே திரும்பி விறகு பிளக்கப் போனான். அன்றைக்குக் கோடாலிச் சத்தம் இருட்டும் வரைக்கும் கேட்டது. லவினா அதைக் கேட்டுக்கொண்டே மேசையைத் துடைத்தாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பஸ்ஸை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், அந்தச் சுத்தியல் அப்படியில்லை. அவள் வாழ்க்கையில் மற்றதெல்லாம் யாரோ ஒருவருக்காகச் செய்தது. அந்த நாற்காலியில் மட்டும் அவள் அவளாக உட்கார்ந்திருந்தாள். அது கையைவிட்டுப் போனால் மிச்சமிருப்பது என்ன என்று நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் ஹெஸ்டர் பஸ் கொட்டகைக்கே தேடி வந்தாள்.

"நீ எங்களுக்குத் துணையா நிப்பேன்னு எங்க ஆளுங்ககிட்ட சொல்லியிருக்கேன் லவினா."

"யாரைக் கேட்டுச் சொன்ன?"

"சரி, துணை வேண்டாம். டுவைட்டோட ஆளுங்க கத்த ஆரம்பிச்சா அடக்கி உட்கார வச்சிடு. அது போதும்."

"உனக்கு எவ்வளவு நேரமோ அவங்களுக்கும் அவ்வளவு நேரம். உன் ஆளுங்க கத்தினாலும் அடக்குவேன். பிடிக்கலேன்னா நீயும் டுவைட்டுக்கே போடு."

ஹெஸ்டர் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரே நாள் இடைவெளியில் இரண்டு பக்கத்தையும் பகைத்துக்கொண்டதில் லவினாவுக்கு ஏனோ பயம் கொஞ்சம் குறைந்தது.

செவ்வாய்க்கிழமை அரங்கில் நாற்காலி போதாமல் பலகை பெஞ்சுகளை இழுத்துப் போட்டார்கள். ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் பின்னிக்கொண்டிருந்தார்கள். ஊர் எழுத்தர் வில்மா மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, முதல் பொருளைப் படித்தாள். கூட்டத் தலைவர் பதவிக்குப் பெயர்கள் சொல்லலாம் என்றாள்.

டுவைட்டின் மைத்துனன் எழுந்து, "டுவைட் ஸ்டோவெல்," என்றான்.

எல்லாத் தலைகளும் எல்வுட் பக்கம் திரும்பின. அவன் கையைக் கட்டிக்கொண்டு தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது. அரங்கில் பின்னல் ஊசிச் சத்தம்கூட நின்றுபோனது.

ஹெஸ்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழப் போனாள்.

"நீ உக்காரு ஹெஸ்டர்," என்றாள் லவினா. முன்வரிசையில், மற்றவர்களைப் போல ஒரு மடக்கு நாற்காலியில் இருந்தாள். ஹெஸ்டர் வாயால் தன் பெயர் வந்தால் அன்றைக்கு முழுக்கத் தான் ஹெஸ்டர் வீட்டு ஆள்தான் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து நின்றாள். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"லவினா புஷீ," என்றாள்.

அரங்கே ஒரு கணம் திகைத்தது. தன் பெயரைத் தானே சொல்வது என்பது அந்த ஊரில் யாரும் கேள்விப்படாத காரியம். அடுத்தவர் வற்புறுத்தினாலும், 'ஐயோ நான் எதுக்கு' என்று ஒருமுறை மறுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். ஒரு கிழவி, "வெட்கங்கெட்டவ," என்று சத்தமாகவே சொன்னாள்.

"ஆமாம்," என்றாள் லவினா. "வழிமொழிய யாராவது இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா உக்காந்துடறேன்."

இந்த முறை யாரும் எல்வுட்டைப் பார்க்கவில்லை. பார்க்கச் சங்கடமாக இருந்தது. கடைசியில் மூலையிலிருந்து ஒரு கம்பு தரையில் தட்டும் சத்தம் கேட்டது. ஓரின் ஸ்டைல்ஸ் தட்டுத்தடுமாறி எழுந்து நின்றார்.

"நான் வழிமொழியறேன். எனக்கு அதிபரும் தெரியாது, ஒரு புண்ணாக்கும் தெரியாது. என்னைக் கடைசி வரைக்கும் பேச விட்ட ஒரே பொம்பளை அவதான். என் பெண்டாட்டிகூட விட்டதில்ல."

குரல் ஓட்டில் யாருக்கு அதிகம் என்று வில்மாவால் சொல்ல முடியவில்லை. பிரிந்து நிற்கச் சொன்னாள். லவினாவுக்கு வேண்டுமென்பவர்கள் சமையலறைப் பக்கச் சுவர், டுவைட்டுக்கு வேண்டுமென்பவர்கள் ஸ்கோர்போர்டுப் பக்கச் சுவர். நாற்காலிகள் இழுபட்டன. ஒரே பெஞ்சில் வந்தவர்கள் இரண்டு பக்கமாக நடந்தார்கள். அதிபரின் பெயர் பொறித்த தொப்பியைப் போட்ட இளவட்டங்கள் சிலர் அந்தத் தொப்பியோடேயே சமையலறைப் பக்கம் வந்து, லவினாவின் கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். பின்சீட்டுப் பழக்கம். எல்வுட் மெதுவாக எழுந்தான். அரங்கின் நடுவில் லவினாவைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. கடந்தான். போய் ஸ்கோர்போர்டுக்குக் கீழே நின்றான்.

லவினா சமையலறைச் சுவருக்கு நடந்து தனக்குத் தானே ஓட்டாக நின்றாள். பதினோரு ஓட்டில் ஜெயித்தாள். மேடையில் இருந்த மேசைக்குப் போய்ச் சுத்தியலை எடுத்தாள். ஓங்கியே தட்டினாள்.

"வழக்கம்போலத்தான். பேசறவங்க எங்கிட்ட பேசுங்க. அடுத்த பொருள், சரளை."

டுவைட் விடவில்லை. ஆளுக்கொரு கேள்வி என்று தன் ஆட்களுக்குச் சொல்லி வைத்திருந்தான். சரளை எந்த மலையிலிருந்து வருகிறது, ஏன் அந்த மலை, வேறு மலை இல்லையா, போன வருடச் சரளை எங்கே போனது. கடைசிப் பொருள் வருவதற்குள் ஹெஸ்டரின் கூட்டம் சலித்து வீட்டுக்குப் போய்விடும் என்பது திட்டம். ஹெஸ்டர் முன்னால் வந்து முணுமுணுத்தாள்.

"வேணும்னே இழுக்கிறாங்க. நிறுத்து லவினா."

"ஓரினை விட்டேன். இவங்களையும் விடுவேன். போய் உக்காரு."

மத்தியானச் சாப்பாட்டுக்கு லவினா கொண்டுவந்த பீன்ஸ் நீள மேசையின் நடுவில் இருந்தது. எல்வுட் தட்டோடு வரிசையில் வந்தான். பன்றிக்கறித் துண்டு போட்டுக்கொண்டான், ரொட்டி எடுத்துக்கொண்டான், லவினாவின் பீன்ஸைத் தாண்டிப் போய் டுவைட்டின் பெண்டாட்டி கொண்டுவந்த பீன்ஸைப் போட்டுக்கொண்டான். பார்த்தவர்கள் எல்லோரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். காலையில் எதிர்ச்சுவரில் நின்றதைவிட இதுதான் லவினாவுக்குச் சுருக்கென்றது. தன் தட்டில் தன் பீன்ஸை இரண்டு கரண்டி கூடுதலாகவே போட்டுக்கொண்டாள்.

சாப்பிட்டு முடிக்கும்போது வெயில் ஏறிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கூரைப் பனி உருகிச் சொட்ட ஆரம்பித்தது. டுவைட் தீவனம் விற்கிறவன், அவனுக்கு மேப்பிள் தோட்டம் கிடையாது. இருந்திருந்தால் மத்தியானம் வரைக்கும் சரளையை இழுத்திருக்க மாட்டான். இரவெல்லாம் உறைந்து கிடந்த மரங்களில் இந்த வெயிலுக்குச் சாறு இறங்கும். இறங்குகிற சாறு யாருக்காகவும் காத்திருக்காது. போய்க் காய்ச்சாவிட்டால் சாறு சேரும் தொட்டி நிரம்பி மண்ணில் வழிந்துவிடும். பாகு காய்ச்சுகிறவர்களில் பெரும்பாலோர் டுவைட்டின் பக்கத்து ஆட்கள். அவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சரளையைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவனே கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டுத் தொப்பியை எடுத்தான்.

"எங்கடா போறீங்க? உக்காருங்கடா," என்று டுவைட் வாசலில் நின்று கெஞ்சினான்.

"அதிபர் வந்து என் தொட்டியைக் காலி பண்ணுவாரா?" என்று கேட்டுவிட்டு ஒருவன் வண்டியேறினான்.

ஒவ்வொருவராகப் போனார்கள். எல்வுட் மட்டும் போகவில்லை. ஊரிலேயே சின்னத் தொட்டி அவனுடையதுதான். ஒவ்வொரு சொட்டுச் சத்தத்துக்கும் அவன் தாடை இறுகுவதை லவினா மேடையிலிருந்து பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தான்.

'இதர' வந்தது. ஹெஸ்டர் எழுந்து தீர்மானத்தைப் படித்தாள். நன்றாகவே பேசினாள், கொஞ்சம் நீளமாகப் பேசினாள். அவள் உட்காருவதற்குள் எல்வுட் எழுந்துவிட்டான்.

"ஹெஸ்டர், உனக்கு என்ன தெரியும்னு நீ—"

சுத்தியல் விழுந்தது. "எங்கிட்ட பேசுங்க."

"நான் அவகிட்டதான் பேசறேன்."

மறுபடியும் சுத்தியல். "எங்கிட்ட பேசறதா இருந்தா பேசுங்க. இல்லேன்னா உக்காருங்க, மிஸ்டர் புஷீ."

புருஷனும் பெண்டாட்டியும் அரங்கின் குறுக்கே ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். கூரை சொட்டிக்கொண்டிருந்தது. அவன் உட்காரப் போகிறான், அல்லது வெளியே போகப் போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"தலைவர் அவர்களே," என்றான் எல்வுட். தொண்டையைச் செருமிக்கொண்டான். "எனக்குப் பேசத் தெரியாது. இவங்க அந்த ஆளை மட்டும் தூக்கணும்னு கேக்கல. எங்களையும் சேர்த்துத்தான் கேக்கறாங்க. நான் ஒரு முட்டாள், முட்டாள்தனமா ஓட்டுப் போட்டுட்டேன்னு என் ஊரே எழுதி என் ஊர் பேர்ல அனுப்பணுமாம். நான் இங்கேயே பொறந்து வளர்ந்தவன். இவங்க வீட்டு வாசல்ல பனி தள்ளி விட்டிருக்கேன். அப்ப யாரும் எந்தக் கட்சின்னு கேக்கல."

ஹெஸ்டரின் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சிரிச்சவங்க எழுந்திரிங்க," என்றாள் லவினா.

அது மேடைக் குரல் அல்ல, பஸ் குரல். ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவர், அறுபத்தைந்து வயதில், முகம் சிவந்து எழுந்து நின்றார்.

"அவர் பேசி முடிக்கிற வரைக்கும் நின்னுட்டே இருங்க. நீங்க சொல்லுங்க மிஸ்டர் புஷீ."

"அவ்வளவுதான் தலைவர் அவர்களே. முடிச்சுட்டேன்."

மறுபடியும் சுவருக்குப் பிரிந்தார்கள். வில்மா எண்ணினாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இன்னொருமுறை எண்ணினாள். வேண்டும் என்றவர்கள் ஐம்பத்தெட்டு. வேண்டாம் என்றவர்கள், கடைசியாகப் போய் நின்ற எல்வுட்டோடு சேர்த்து, ஐம்பத்தெட்டு.

"சமமா வந்தா தீர்மானம் விழுந்துபோச்சு," என்றான் டுவைட். "சுத்தியலைத் தட்டுங்க தலைவர் அவர்களே, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

"சமமா வந்தா தலைவருக்கு ஓட்டு இருக்கு," என்றாள் ஹெஸ்டர்.

இரண்டு பேர் சொன்னதும் சரி: தலைவர் ஓட்டுப் போடாவிட்டால் தீர்மானம் விழும், போட்டால் அந்த ஓட்டே முடிவு. தட்டிவிட்டுப் போனால் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. இத்தனை வருடம் எந்தப் பக்கம் என்று காட்டாமல் காப்பாற்றிய நாற்காலி அப்படியே இருக்கும். எல்வுட் இரவுச் சாப்பாட்டுக்குப் பேசவும் பேசுவான். சொட்டுகிற கூரைக்குக் கீழே சாறு வழிய விட்டுவிட்டு நிற்கிற மனிதனை அவள் பார்த்தாள். அவன் சொன்னதில் பொய் ஒரு வார்த்தையும் இல்லை. அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

சுத்தியலை மேசைமேல் வைத்தாள்.

"காலையில என் பேரை நானே சொன்னேன். என் ஓட்டையும் நானே சொல்லிடறேன். போன தேர்தல்ல நான் போட்டது இந்த அதிபருக்குத்தான்."

ஹெஸ்டரின் வாய் திறந்தது. டுவைட் சிரிக்க ஆரம்பித்தான்.

"நான் முட்டாள் இல்ல. அதுக்காக வெட்கப்படவும் இல்ல. அவர் தப்புப் பண்ணினாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. கூப்பிட்டு வச்சு விசாரிங்கன்னு இந்தக் காகிதம் கேக்குது. என் பஸ்ல என் மகனை நான் விசாரிச்சேன். அவன் எனக்கு வேண்டியவன், அதனாலதான் விசாரிச்சேன். வேண்டாதவனை விசாரிக்கிறதுக்கு ஊர்ல ஆளா இல்ல? என் ஓட்டு, வேணும்."

சமையலறைப் பக்கச் சுவர் கைதட்டத் தொடங்கியது. லவினா சுத்தியலை எடுத்து ஓங்கித் தட்டினாள்.

"தட்டாதீங்க. உங்களுக்காகப் போடல. நாளைக்கு உங்க ஆளு அங்க உக்காந்திருப்பாரு. டுவைட் இதே காகிதத்தோட வருவாரு. அன்னிக்கும் நான் பேச விடுவேன். அப்ப உங்க மூஞ்சி எப்படி இருக்குன்னு பாக்கறேன்."

"அடுத்த வருஷம் நீ அந்த நாற்காலியில இருந்தாத்தான," என்றான் டுவைட்.

"எங்கிட்ட பேசறப்ப தலைவர் அவர்களேன்னு சொல்லணும் டுவைட்."

அவள் அரங்கைப் பூட்டிவிட்டு வீடு வந்தபோது கொட்டகையின் கூரை வழியாக ஆவி பொங்கிக்கொண்டிருந்தது. தொட்டிக்குக் கீழே பனி குழிந்து போயிருந்தது, நல்ல சாறு எவ்வளவோ மண்ணுக்குப் போயிருந்தது. அதிபரின் பலகை கதவில் அப்படியே இருந்தது. எல்வுட் அடுப்புக்கு முன்னால் நின்றான், திரும்பிப் பார்க்கவில்லை. லவினா மிச்சமிருந்த பீன்ஸ் பாத்திரத்தை விறகு அடுக்கின்மேல் வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றாமலேயே அவனுக்கு விறகு எடுத்துக் கொடுத்தாள். எல்வுட் அதை வாங்கி அடுப்பில் போட்டான்.

"நெசமாவே அவருக்கா போட்ட?"

"ஆமாம்."

"ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"நீ எங்க கேட்ட? பலகைதான் அடிச்ச."

எல்வுட் பாகின் நுரையை எடுத்துக் கொட்டினான். பீன்ஸ் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தான். ஒரு கரண்டி எடுத்து நின்றபடியே தின்றான், இன்னொரு கரண்டியும் எடுத்தான்.

"நீ பண்ணினது தப்பு. சாகுற வரைக்கும் சொல்லுவேன். அடுத்த வருஷமும் நான் எழுந்திரிக்க மாட்டேன்."

"வேண்டாம்," என்றாள் லவினா, அடுப்புக் கதவைக் காலால் சாத்திக்கொண்டே. "என் பேரு எனக்கு ஞாபகம் இருக்கு."